மலையில் குறைமாதப் பிள்ளையை நெஞ்சில் வளர்ப்பது எப்படி

வரிசை வரிசையாகக் கண்ணாடி முட்டைகள், ஒவ்வொன்றுக்குள்ளும் மிதக்கும் ஒரு சிசு, ஆண்டுக்கு 30,000 பிள்ளைகளை வளர்த்துத் தரும் தொழிற்சாலை இது என்று பின்னால் ஒரு குரல். 2022 டிசம்பரில் வந்த வீடியோ. கம்ப்யூட்டரில் வரைந்த கற்பனைதான், அப்படியொரு கட்டடம் எங்கும் கிடையாது. ஆனால் வாட்ஸ்அப்பில் இன்னும் சுற்றிக்கொண்டே இருக்கிறது. பச்சிளங்குழந்தை வார்டுக்கு வெளியே பெஞ்சில் காத்திருக்கும் அப்பாக்களின் போனில் நானே பார்த்திருக்கிறேன். "சிஸ்டர், இந்த மெஷின் கோயமுத்தூருக்கு வந்திருச்சாமே? எவ்வளவு செலவானாலும் சரி, சொல்லுங்க" என்று கோத்தகிரிப் பக்கத்துத் தம்பி ஒருவர் கேட்டார். அந்த நேரத்தில் அவர் மனைவி உள்ளே பிள்ளைக்குப் பால் பீய்ச்சிக்கொண்டிருந்தார். அந்தத் தம்பியிடம் பெஞ்சில் உட்கார்ந்து சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

நான் நீலகிரிக்காரி. தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டில் வளர்ந்து, நர்ஸ் படித்து, வேலைக்காலத்தில் பெரும்பகுதியைக் குறைமாதப் பிள்ளைகளோடு கழித்தவள். எங்கள் ஆட்கள் அந்த வார்டைப் 'பெட்டி வார்டு' என்பார்கள், பெட்டி என்றால் பிள்ளையைச் சூடாக வைக்கும் இன்குபேட்டர். "பிள்ளை எங்கே?" என்றால் "பெட்டியில இருக்கு" என்று பதில் வரும்.

மெஷின் எந்த மட்டில் இருக்கிறது

முதலில் இதை முடித்துவிடுவோம், ஏனென்றால் இதைச் சொல்லாவிட்டால் மற்றதைக் கேட்க யாருக்கும் காது இருப்பதில்லை.

2017 ஏப்ரலில் அமெரிக்காவின் பிலடெல்பியா குழந்தைகள் மருத்துவமனையிலிருந்து ஆலன் ஃபிளேக், எமிலி பார்ட்ரிட்ஜ், மார்கஸ் டேவி குழுவினர் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். குறைமாத ஆட்டுக்குட்டியை சிசேரியன் செய்து எடுத்து, பனிக்குட நீர் போன்ற திரவம் ஓடிக்கொண்டிருக்கும் பிளாஸ்டிக் பைக்குள் வைத்து மூடினார்கள். தொப்புள்கொடியில் குழாய் இணைத்து ரத்தத்தை வெளியே உள்ள ஆக்சிஜன் கருவிக்கு அனுப்பித் திரும்ப எடுத்தார்கள். பம்பு கிடையாது, குட்டியின் இதயமே ரத்தத்தைத் தள்ளியது. நான்கு வாரம் வரை குட்டிகள் அதற்குள் இருந்தன. நுரையீரல் முதிர்ந்தது, ரோமம் முளைத்தது, கண் திறந்தது. படங்களைப் பார்த்து நானும் வாயைப் பிளந்தேன்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ஆட்டின் சினைக்காலம் ஐந்து மாதம். அந்தக் குட்டிகள் ஏற்கெனவே மூன்றரை மாதமோ அதற்கு மேலோ தாய் வயிற்றில் வளர்ந்தவை. நுரையீரல் வளர்ச்சியில் மனிதக் கணக்குக்கு 23, 24 வாரம். அந்த வாரங்களில் வெளியே வந்துவிடும் பிள்ளைக்கு இன்னும் ஒரு மாதம் அவகாசம் வாங்கித் தருவதற்குத்தான் அந்தப் பை. 2019-ல் ஜப்பான், ஆஸ்திரேலியா ஆய்வாளர்கள் சேர்ந்து, 600, 700 கிராம் எடையுள்ள இன்னும் சின்னக் குட்டிகளை ஐந்து நாள் காப்பாற்றிக் காட்டினார்கள். 2023 செப்டம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை நிபுணர்களைக் கூட்டி, மனிதப் பிள்ளையிடம் இதை முதன்முதலாகச் சோதிக்கும் முன் என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்று விவாதித்தது. கேள்விகள் கனமானவை. 23 வாரப் பிள்ளை அரைக் கிலோதான் இருக்கும், கொடியின் நாளங்கள் தொட்டாலே சுருங்கும். குழாயில் ரத்தம் உறையாமல் இருக்க மருந்து கொடுத்தால் மூளையில் ரத்தம் கசியும் பயம். அவ்வளவு சீக்கிரம் சிசேரியன் செய்யும்போது கர்ப்பப்பையை மேலிருந்து கீழாகக் கிழிக்க வேண்டி வரும், அடுத்த பிரசவத்தில் அம்மாவுக்கு அது ஆபத்து. இந்தக் கடைசி விஷயத்தை வீடியோக்காரர்கள் யாரும் காட்டுவதில்லை. அவர்கள் படத்தில் அம்மாவே இல்லை.

எதிர்முனையில், 2021-ல் இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தார் ஐந்தாம் நாள் எலிக்கருவை எடுத்து, சுழலும் பாட்டில்களில் பதினோராம் நாள் வரை வளர்த்தார்கள். எலிக்குச் சினைக்காலம் 20 நாள். தொடக்கத்தில் கொஞ்சம், கடைசியில் கொஞ்சம் என்று இரண்டு பக்கமிருந்தும் தோண்டிக்கொண்டிருக்கிறார்கள், நடுவில் பெரும்பகுதி அப்படியே கிடக்கிறது. விஞ்ஞானி ஜே.பி.எஸ். ஹால்டேன் 1923-ல் கேம்பிரிட்ஜில் பேசும்போது, வயிற்றுக்கு வெளியே வளர்ந்த முதல் பிள்ளை 1951-ல் பிறக்கும் என்று கற்பனை செய்தார். அவர் 1957-ல் இந்தியாவுக்கே குடிவந்து, 1964-ல் புவனேஸ்வரத்தில் காலமானார். பிள்ளைதான் வரவில்லை.

சரி, இப்போது நம் கணக்குக்கு வருவோம். 2020-ல் உலகில் சுமார் 1 கோடியே 34 லட்சம் பிள்ளைகள் குறைமாதத்தில் பிறந்தார்கள், அதில் 30 லட்சம் இந்தியாவில். நூற்றில் சுமார் 85 பேர் 32 வாரம் தாண்டியவர்கள். அந்தப் பை நாளைக்கே வந்தாலும் இவர்களுக்கு அது தேவைப்படாது. சூடு, பால், சுத்தம், மூச்சின் மேல் ஒரு கண். இந்த நான்கையும் கொடுத்தால் பெரும்பாலான பிள்ளைகள் தேறிவிடுவார்கள். இதில் சூட்டையும் பாலையும் கொடுக்க அம்மாவின் நெஞ்சைவிட நல்ல கருவி இன்றுவரை கண்டுபிடிக்கப்படவில்லை என்பது என் கட்சி.

வயிற்றில் இருக்கும்போதே

மலையில் இருப்பவர்கள் பிள்ளை பிறந்த பிறகு யோசிக்கத் தொடங்கினால் நேரம் போய்விடும். 28 வாரம் ஆகும்போதே வீட்டில் உட்கார்ந்து பேசி முடிவெடுங்கள். நடுராத்திரி வலி கண்டால் எந்த ஆஸ்பத்திரி, எந்த ரோடு, யார் கூட வருவது? குன்னூர்க்காரர்களுக்கு இது லேசு. பந்தலூர், கூடலூர் பக்கம் இருப்பவர்கள் நடுவட்டம் வழியாக ஊட்டிக்கு ஏறுவதா, கேரளத்துப் பத்தேரிக்குப் போவதா என்று இப்போதே தீர்மானித்திருக்க வேண்டும். கோத்தகிரிக்காரர்கள் மேட்டுப்பாளையம் இறங்கும் வழியில் மழைக்காலத்தில் என்ன நடக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. 2009 நவம்பர் மண்சரிவைப் பார்த்தவர்கள் நாம். உங்கள் ஊர் ரோடு அடிக்கடி அடைபடும் என்றால், கடைசி மாதங்களில் டவுனில் உறவுக்காரர் வீட்டுக்கு மாறிவிடுங்கள். மலைப்பகுதி ஆரம்ப சுகாதார நிலையங்கள் சிலவற்றில் பிரசவத்துக்கு முன்பே வந்து தங்கும் அறை உண்டு, உங்கள் ஊர் நர்சம்மாவிடம் கேளுங்கள். பிக்மி எண் (கர்ப்பத்தைப் பதிவு செய்யும்போது தரும் எண்), ஸ்கேன் ரிப்போர்ட், ரத்த வகை சீட்டு மூன்றும் ஒரே பையில், கதவுப் பக்கம் தொங்கட்டும்.

37 வாரத்துக்கு முன்னால் வயிறு விட்டுவிட்டு இறுகினால், இடுப்பு கடுத்தால், நீர் கசிந்தால், ரத்தம் பட்டால், உடனே 108. "சூட்டு வலிதான், சீரகத் தண்ணி குடிச்சுட்டுப் படு" என்று அம்மாயி சொல்வார். சீரகத் தண்ணி குடித்துக்கொண்டே வண்டியில் ஏறுங்கள், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. விடியட்டும் என்று மட்டும் இருக்காதீர்கள்.

ஏன் இந்த அவசரம் என்றால், 34 வாரத்துக்கு முன் வலி கண்டவர்களுக்கு ஓர் ஊசி இருக்கிறது. டெக்ஸாமெத்தசோன். பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒன்றாக நான்கு ஊசி அம்மாவுக்குப் போடுவார்கள், வயிற்றில் இருக்கும் பிள்ளையின் நுரையீரல் சீக்கிரம் முதிரும். முழுப் பலன் கிடைக்க ஒரு நாளுக்கு மேல் வேண்டும், அதனால்தான் மணிக்கணக்கு பார்க்கிறோம். இந்த வைத்தியமும் ஆட்டுக்குட்டி கொடுத்ததுதான். நியூசிலாந்தின் ஆக்லாந்தில் கிரஹாம் லிகின்ஸ் என்ற டாக்டர் வேறொன்றைத் தேடி ஆடுகளுக்கு ஸ்டீராய்டு கொடுத்துக்கொண்டிருந்தார். உயிரோடு இருக்கவே முடியாத வயதில் பிறந்த குட்டி மூச்சுவிடுவதைப் பார்த்தார். 1972-ல் அவரும் ராஸ் ஹோவியும் தாய்மார்களிடம் சோதித்து முடிவை வெளியிட்டார்கள். பிளாஸ்டிக் பைக் குட்டியை உலகத்துக்கே தெரியும். இந்தக் குட்டி எத்தனை லட்சம் பிள்ளைகளைக் காப்பாற்றியிருக்கும், அதைப் பற்றி ஒரு வீடியோ கூட வருவதில்லை.

பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று டாக்டர் சொன்னால், பிள்ளை வயிற்றில் இருக்கும்போதே போங்கள். பெற்றுவிட்டு அப்புறம் கொண்டுபோகலாம் என்று நினைக்க வேண்டாம். கொண்டை ஊசி வளைவுகளில் குலுங்கிக்கொண்டு போகும் ஆம்புலன்ஸில் சின்னப் பிள்ளைக்குச் சூடு நிற்பது கஷ்டம். உங்கள் வயிற்றுக்குள் அது எப்போதும் நிற்கும்.

இன்னொன்று. ஏழாம் மாதம் பிறந்த பிள்ளை பிழைக்கும், எட்டாம் மாதம் பிறந்தது பிழைக்காது என்று ஒரு பேச்சு நம் ஊர்களில் இருக்கிறது. முழுத் தப்பு. வயிற்றில் ஒவ்வொரு வாரம் கூடும்போதும் பிழைக்கும் வாய்ப்பும் கூடும்.

பெட்டியில் இருக்கும்போது

பிறந்தவுடன் பிள்ளையை வார்மர் என்கிற சூடேற்றும் மேசைக்கோ பெட்டிக்கோ கொண்டுபோய்விடுவார்கள். உங்களைச் சுற்றி எல்லோரும் ஓடுவார்கள், நீங்கள் மட்டும் சும்மா படுத்திருப்பதுபோல் இருக்கும். சும்மா இருக்காதீர்கள், பால் பீய்ச்சத் தொடங்குங்கள். முடிந்தால் முதல் ஒரு மணி நேரத்திலேயே, அப்புறம் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை, ராத்திரியும் சேர்த்து. முதல் நாள் ஒரு ஸ்பூன் கூட வராது. அந்த மஞ்சள் சீம்பால் நான்கு சொட்டு வந்தாலும் நர்சிடம் கொடுங்கள். நோயை எதிர்க்கும் பொருள்கள் தாயிடமிருந்து நஞ்சுக்கொடி வழியாகப் பிள்ளைக்குப் போவது பெரும்பாலும் கடைசி மூன்று மாதத்தில்தான். குறைமாதப் பிள்ளை அதை வாங்காமலே வந்துவிட்டது. பிளாஸ்டிக் பையும் அதைத் தானாகக் கொடுக்காது, ஏனென்றால் பைக்குள் அம்மாவின் ரத்தம் இல்லை. சீம்பால் அந்தக் குறையில் ஒரு பங்கை ஈடுகட்டும். பால் வரவே இல்லையென்றால் தாய்ப்பால் வங்கி இருக்கிறதா என்று கேளுங்கள், அரசின் பெரிய ஆஸ்பத்திரிகள் பலவற்றில் உண்டு.

அப்புறம் கேட்க வேண்டிய கேள்வி: "டாக்டர், கங்காரு எப்போ ஆரம்பிக்கலாம்?"

1978-ல் கொலம்பியாவின் பொகோட்டா நகரத்து ஆஸ்பத்திரியில் பெட்டிகள் போதவில்லை, ஒரே பெட்டியில் இரண்டு மூன்று பிள்ளைகள் கிடந்து தொற்று பரவியது. எட்கர் ரே என்ற டாக்டர் பிள்ளைகளை அம்மாக்களின் நெஞ்சில் தோலோடு தோலாகக் கட்டிவைத்தார். இதைத்தான் கங்காரு முறை என்கிறோம். ஏழை நாட்டுக்கான மாற்று ஏற்பாடு என்றுதான் ரொம்ப நாள் உலகம் நினைத்தது. 2021-ல் வெளியான ஆய்வு அந்த நினைப்பை மாற்றியது. இந்தியா, கானா, மலாவி, நைஜீரியா, தான்சானியா என்று ஐந்து நாட்டு ஆஸ்பத்திரிகளில், 1 கிலோ முதல் 1.8 கிலோவுக்குள் பிறந்த 3,211 பிள்ளைகள். ஒரு பாதிக்கு, நிலைமை சீராகட்டும் என்று காத்திருக்காமல் பிறந்த உடனே கங்காரு. மறுபாதிக்கு முதலில் வார்மர், நிலைமை சீரான பிறகு கங்காரு. 28 நாளுக்குள் இறந்தவர்கள் வார்மர் பக்கம் நூற்றுக்கு 15.7, கங்காரு பக்கம் 12. வித்தியாசம் இவ்வளவு தெளிவானதும் ஆய்வையே பாதியில் நிறுத்திவிட்டார்கள், மறுபாதிப் பிள்ளைகளுக்கு இதைக் கொடுக்காமல் இருப்பது நியாயமில்லை என்று. அதன் பிறகு 2022-ல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது: பிறந்தவுடன் தொடங்குங்கள், ஒரு நாளில் 8 முதல் 24 மணி நேரம், முடிந்த அளவு நீட்டுங்கள். மூச்சுத் திணறல் கடுமையாக இருக்கும் பிள்ளைக்கு எப்போது தொடங்குவது என்பதை மட்டும் டாக்டர் முடிவு செய்வார்.

கட்டும் முறை

பழைய பருத்தி வேட்டி ஒன்று எடுங்கள், துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆனது. இரண்டு மீட்டருக்குக் குறையக் கூடாது. கடையில் விற்கும் கங்காரு பையும் சரிதான், ஆனால் நம் உடம்புக்கு ஏற்ப இறுக்க வேட்டிதான் லாயக்கு. அம்மா கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, வளையல் மோதிரம் கழற்றி, உள்ளாடை இல்லாமல் முன்பக்கம் திறக்கும் நைட்டியோ வீட்டுக்காரரின் சட்டையோ போட்டுக்கொள்ளட்டும். தாலிச் சங்கிலியை முதுகுப் பக்கம் தள்ளிவிட்டால் போதும், கழற்ற வேண்டும் என்று எந்த மாமியாரோடும் நான் சண்டைக்குப் போனதில்லை. மார்பில் பவுடர், தைலம் எதுவும் வேண்டாம்.

பிள்ளைக்குத் தொப்பி, காலுறை, நாப்கின். இவ்வளவுதான். ஸ்வெட்டரைக் கழற்றுங்கள். மலையில் இந்த ஒரு இடத்தில்தான் எல்லோரும் தயங்குவார்கள். "இந்தக் குளிருல சட்டையில்லாமலா?" தோல் தோலைத் தொட்டால்தான் உங்கள் சூடு பிள்ளைக்குப் போகும், நடுவில் கம்பளி இருந்தால் அது தடுக்கும். கம்பளி எல்லாம் வெளியே, உங்கள் இருவரையும் சேர்த்து மூடட்டும்.

இப்போது பிள்ளையை ஒரு கையால் கழுத்தும் தலையும், இன்னொரு கையால் புட்டமும் தாங்கித் தூக்கி, இரண்டு மார்புக்கும் நடுவில் நிமிர்த்தி வையுங்கள். தலை ஒரு பக்கம் திரும்பியிருக்கட்டும். முகவாய் நெஞ்சில் குத்தக் கூடாது, தலை பின்னால் தொங்கவும் கூடாது. லேசாக நிமிர்ந்து, மூக்கும் வாயும் உங்கள் கண்ணுக்குத் தெரிய வேண்டும். கைகள் மடங்கி மார்பின் மேல். கால்கள் தவளைக்கால் மாதிரி விரிந்து மடங்கி, பிள்ளையின் வயிறு உங்கள் மேல்வயிற்றில் படியட்டும். இந்த நிலை வந்ததும் வேட்டியின் நடுப்பகுதியைப் பிள்ளையின் முதுகில் வைத்து, மேல்விளிம்பு காதுக்குச் சற்றுக் கீழே வருமாறு இழுத்து, இரு முனையையும் உங்கள் முதுகில் குறுக்காகப் போட்டு முன்னால் கொண்டுவந்து, பிள்ளையின் புட்டத்துக்குக் கீழே முடியுங்கள். நெஞ்சுப் பக்கம் இறுக்கம், வயிற்றுப் பக்கம் கொஞ்சம் தளர்வு. பிள்ளை வயிற்றால்தான் மூச்சு விடும், அங்கே இறுக்கினால் திணறும். எழுந்து நில்லுங்கள். பிள்ளை நழுவாமல் நின்றால் கட்டு சரி.

மேலே சட்டை, அதற்கு மேல் ஸ்வெட்டர், அதற்கும் மேல் ஜெர்கின் போட்டு முகத்தை மட்டும் வெளியே விடுங்கள். படுப்பதென்றால் தட்டையாகப் படுக்கக் கூடாது. முதுகுக்குத் தலையணை கொடுத்துச் சாய்ந்து படுங்கள். தூங்கலாம், பயப்பட வேண்டாம், கட்டு சரியாக இருந்து தலைப்பக்கம் உயர்ந்திருந்தால் போதும். ஒரு முறை கட்டினால் ஒரு மணி நேரமாவது இருக்க வேண்டும், பத்து நிமிடத்துக்கு ஒரு முறை எடுத்து எடுத்து வைப்பது பிள்ளைக்குத்தான் அலுப்பு.

அம்மா குளிக்க, சாப்பிட, தூங்கப் போகும்போது அப்பா கட்டிக்கொள்ளலாம். பாட்டியும் கட்டலாம், அத்தையும் கட்டலாம். ஆண்கள் முதலில் நெளிவார்கள். ஜெர்கின் ஜிப்பை மேலே இழுத்துவிட்டுப் பிள்ளையின் மூச்சு நெஞ்சில் பட்ட பிறகு திரும்பக் கொடுக்க மாட்டார்கள். காய்ச்சல், சளி, தோல் நோய் இருப்பவர்கள் கட்டக் கூடாது. குடித்திருப்பவர் கட்டக் கூடாது, பக்கத்தில் படுக்கவும் கூடாது. பீடி சிகரெட் பிடிப்பவர் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டால் அதை விடட்டும், பிள்ளைக்காக விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

மலை வீட்டுக்கு வந்த பிறகு

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வர 102 வண்டி இலவசம், கேட்டு வாங்குங்கள். வரும் வழி முழுக்கப் பிள்ளை நெஞ்சில் கட்டியே வரட்டும்.

குளிரைவிட நான் பயப்படுவது கணப்புக்கு. டிசம்பர், ஜனவரி உறைபனி நேரத்தில் கதவு ஜன்னலைச் சாத்திவிட்டுக் கரியைப் பற்றவைத்து அறைக்குள் வைக்கிறோம். கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணம் கிடையாது, தூக்கத்திலேயே ஆளைக் கொல்லும். மலையில் தங்க வந்த சுற்றுலாக்காரர்கள் இப்படிச் செத்த செய்தி வராத குளிர்காலம் குறைவு. பிள்ளை இருக்கும் அறையில் கணப்பு கூடவே கூடாது. ரூம் ஹீட்டர் இருந்தால் தள்ளி வையுங்கள். சுடுதண்ணீர் பாட்டிலைப் பிள்ளைக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள், அந்தத் தோல் வெந்துபோகும். சாம்பிராணிப் புகையும் வேண்டாம். கரண்டு போனாலும் உங்கள் நெஞ்சு ஆறாது, அதுதான் இந்த முறையின் பெரிய வசதி.

சூடு போதுமா என்று பார்க்க வழி: புறங்கையால் பிள்ளையின் வயிற்றைத் தொடுங்கள், அப்புறம் பாதத்தைத் தொடுங்கள். இரண்டும் வெதுவெதுப்பு என்றால் நலம். வயிறு சூடு, பாதம் சில்லென்றால் பிள்ளை குளிரோடு போராடுகிறது, உடனே கட்டுங்கள். இரண்டும் சில்லென்றால் ஆபத்து, கட்டிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். கையில் டிஜிட்டல் தெர்மாமீட்டர் இருந்தால் அக்குளில் 36.5 முதல் 37.5 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும்.

குளியல் வேண்டாம். இரண்டு கிலோ தாண்டாத பிள்ளைக்குக் குளியல் கிடையவே கிடையாது, அதன் பிறகும் டாக்டர் சொன்னால்தான். வெதுவெதுப்பான துணியால் பகுதி பகுதியாகத் துடைத்து உடனே மூடினால் போதும். எண்ணெய் தேய்த்துத் தலை உருட்டுவது, மூக்கில் ஊதுவது, தொக்கம் எடுப்பது, சேனை வைப்பது, வசம்பு உரசிக் கொடுப்பது ஒன்றும் கூடாது. அம்மாயி கோபித்துக்கொள்வார். அவர் நெஞ்சில் பிள்ளையைக் கட்டிவிட்டு நீங்கள் போய்த் தூங்குங்கள், கோபம் தணிந்துவிடும்.

மழைக்காலத்தில் துணி காயாது. ஈர வாடையுள்ள துணியைப் போடாமல், இஸ்திரி போட்டு ஆறவைத்துப் போடுங்கள். பார்க்க வருபவர்களை வாசலோடு நிறுத்துங்கள். கொஞ்ச நாளைக்குக் கெட்ட பெயர் வாங்கிக்கொள்ளலாம்.

பால்

உறிஞ்சி, விழுங்கி, மூச்சுவிடும் மூன்றையும் ஒழுங்காகச் சேர்த்துச் செய்ய 34 வாரக் கணக்கு வர வேண்டும். அதுவரை டியூப், அப்புறம் பாலாடை, அதாவது மூக்கு வைத்த சின்னக் கிண்ணம். பாட்டில் வாங்கவே வேண்டாம். பாலாடையைக் கொதிக்கும் நீரில் போட்டு எடுத்து, பிள்ளையை அரைவாசி நிமிர்த்தி, பாலாடையின் மூக்கு பிள்ளையின் கீழுதட்டோரம் படும்படி வைத்து, சொட்டுச் சொட்டாக வாயின் ஓரத்தில் விடுங்கள். விழுங்கியதைப் பார்த்து அடுத்தது. வாயில் ஊற்றக் கூடாது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை, தூங்கினாலும் எழுப்பி. குறைமாதப் பிள்ளை பசித்து அழும் என்று காத்திருக்காதீர்கள், அதற்கு அழத் தெம்பு இருக்காது. நெஞ்சில் இருக்கும்போதே மார்பை நக்கத் தொடங்கும், நக்கட்டும். அதுதான் பழகும் வழி. வைட்டமின் டி, இரும்புச் சொட்டு மருந்துகளை டாக்டர் எழுதிய அளவில் கொடுங்கள். முதல் வாரம் எடை குறையும், அப்புறம் நாளுக்கு 20, 30 கிராம் ஏறினால் மகிழ்ச்சி.

ஆக்சிஜனும் கண்ணும்

ஜோசப் பார்கிராஃப்ட் என்ற விஞ்ஞானி கருப்பையைப் பற்றி ஆராய்ந்துவிட்டு, வயிற்றுக்குள் இருக்கும் சிசு எவரெஸ்ட் மேல் இருப்பதுபோல் குறைந்த ஆக்சிஜனில் வாழ்கிறது என்றார். அதற்கென்றே அதன் ரத்தம் தனி வகை. குறைமாதத்தில் வெளியே வந்த பிள்ளைக்கு அளவுக்கு மிஞ்சி ஆக்சிஜன் போனால் கண்ணின் விழித்திரை கெடும். குறைந்தாலும் ஆபத்து. இந்த நடுவழியைக் கண்டுபிடிப்பதுதான் வார்டில் எங்கள் பாதி வேலை.

இதில் நம் மலைக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குதான். கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் இல்லாமல் நன்றாக இருந்த பிள்ளை, ஊட்டி ஏறியதும் திணறலாம், முக்கியமாக நுரையீரல் பாதிப்பு இருந்த பிள்ளை. டிஸ்சார்ஜ் அன்றே டாக்டரிடம் "நாங்க மலைக்குப் போறோம்" என்று சொல்லுங்கள். அவருக்கு அட்ரஸ் பார்க்க நேரம் இருக்காது. மேலே வந்ததும் ஊட்டி ஆஸ்பத்திரியில் விரலில் மாட்டும் கருவியால் ரத்தத்தின் ஆக்சிஜனை ஒரு முறை அளந்து பார்த்துவிட்டு வீட்டுக்குப் போங்கள்.

கண் பரிசோதனையை எக்காரணம் கொண்டும் தள்ளிப்போடாதீர்கள். 34 வாரத்துக்கு முன்போ, இரண்டு கிலோவுக்குக் குறைவாகவோ பிறந்த பிள்ளைக்குப் பிறந்த 30 நாளுக்குள் விழித்திரையைப் பார்க்க வேண்டும். ரொம்பச் சின்னப் பிள்ளைகளுக்கு இரண்டு மூன்று வாரத்திலேயே. வெளியே பார்த்தால் கண் அழகாகத்தான் இருக்கும், பிள்ளை சிரிக்கும், உள்ளே திரை பிரிந்துகொண்டிருக்கும். காலத்தில் பார்த்தால் லேசர் செய்து காப்பாற்றலாம். பஸ் இல்லை, மழை, பூப்பறிக்கும் சீசன், திருவிழா, எந்தக் காரணமும் இதற்குச் செல்லாது. காதையும் சோதிக்கச் சொல்லுங்கள்.

உடனே ஓட வேண்டியது எப்போது

பால் குடிக்க மறுத்தால். தொட்டால் துவண்டு கிடந்தால். மூச்சு நிமிடத்துக்கு 60-க்கு மேல் போனால், விலா உள்ளே இழுத்தால், முனகினால். 20 விநாடி மூச்சு நின்றால், உதடு நீலமானால். உள்ளங்கையும் பாதமும் மஞ்சளானால். வலிப்பு, தொப்புளில் சீழ், காய்ச்சல், உடம்பு சில்லிடுதல். இதில் ஒன்று போதும், இரண்டாவதுக்குக் காத்திருக்க வேண்டாம். மூச்சு நின்றுபோன பிள்ளையை உலுக்காதீர்கள், உள்ளங்காலைச் சுண்டி, முதுகைத் தேய்த்துவிடுங்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். போகும்போதும் கட்டிக்கொண்டே போங்கள்.

எப்போது நிறுத்துவது

அதைப் பிள்ளையே சொல்லும். எடை இரண்டரைக் கிலோவை நெருங்கும்போது, அல்லது பிறந்திருக்க வேண்டிய தேதி பக்கத்தில் வரும்போது, கட்டினால் நெளியும், காலை உதைத்து வேட்டிக்கு வெளியே நீட்டும், வியர்க்கும், அழும். அப்போது விட்டுவிடலாம். குளிர் ராத்திரிகளில் மட்டும் இன்னும் கொஞ்ச நாள் தொடர்ந்தால் நல்லது.

தடுப்பூசிகளைப் பிறந்த தேதிக் கணக்கில் போடுங்கள். தலை நிற்பது, குப்புற விழுவது, உட்காருவது எல்லாவற்றையும் பிறந்திருக்க வேண்டிய தேதியிலிருந்து எண்ணுங்கள். இரண்டு மாதம் முன்னதாக வந்த பிள்ளை பக்கத்து வீட்டுப் பிள்ளையைவிட இரண்டு மாதம் பின்தங்கித்தான் உட்காரும். கூட்டிக் கழிக்கத் தெரியாத சொந்தக்காரர்கள் கேட்டால், பதில் சொல்ல வேண்டியதில்லை.